பேஸ்மேக்கர் ஓட்டத்துக்குத் தடையல்ல

மார்பில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டு ஊர் திரும்பும் ஒருவருக்கு முதலில் கிடைப்பது அனுதாபம். அடுத்துக் கிடைப்பது தடைப் பட்டியல். வேகமாக நடக்கக் கூடாது, குனியக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது, மோட்டார் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்று உற்றாரும் அண்டை அயலாரும் ஆளுக்கொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பகுதிக்கு மருத்துவ அடிப்படை கிடையாது. ஆனால், அதை நம்பி வயல்வேலையையும் நடைப்பயிற்சியையும் கைவிட்டுத் திண்ணையோடு முடங்கிவிட்டவர்களை எங்கள் பகுதியிலேயே நான் அறிவேன். நன்கு வாழ வேண்டும் என்பதற்காகப் பொருத்தப்படும் ஒரு கருவி, வாழ்வைச் சுருக்கிக்கொள்ளக் காரணமாகிவிடுவது பெரும் முரண்.

பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்தில் வசிக்கும் நான், உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களோடு விடியற்காலையில் ஓடுவது நெடுநாள் பழக்கம். அறுபது வயதைத் தாண்டிய நிலையில், இருமுறை தலைசுற்றி விழுந்த பிறகு எனக்கு பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. இன்று மீண்டும் ஓடுகிறேன். இதில் வீரம் எதுவுமில்லை. கருவி எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டதும், மருத்துவர்களிடம் சரியான கேள்விகளைக் கேட்டதுமே காரணம். அந்தப் புரிதல் பிறருக்கும் பயன்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் பேச்சுவழக்கில் 'பிளாக் இருக்கிறது' என்றால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் கொழுப்பு அடைத்திருக்கிறது என்று பொருள். அதற்கு ஸ்டென்ட் வைப்பார்கள் அல்லது பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்வார்கள். மருத்துவர் 'ஹார்ட் பிளாக்' என்று சொல்வது வேறு. அது குழாயடைப்பு அன்று. மின்கடத்தலில் ஏற்படும் தடை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பேஸ்மேக்கர் பொருத்தியவரை மாரடைப்பு வந்தவராகவே ஊர் பார்க்கிறது. ரத்தக் குழாய்கள் தூய்மையாகவும், இதயத் தசை வலிமையாகவும் இருக்கும் ஒருவருக்குக்கூட மின்கடத்தல் பழுதுபடலாம்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்ற சிறு திசுத்தொகுதி உள்ளது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலைப் பிறப்பிப்பது அதுவே. அந்தத் தூண்டல் மேலறைகளைச் சுருங்கச் செய்து, நடுவிலுள்ள ஏ.வி. கணுவில் ஒரு கணம் தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான முறை இந்தப் பயணம் நிகழ்கிறது. முதுமையில் இந்தப் பாதை நார்த்திசுவாக மாறித் தேயலாம். சிலருக்குப் பிறவியிலேயே குறை இருக்கலாம். இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரும் நேரலாம். சைனஸ் கணு சோர்ந்துபோவது ஒருவகை. கணு நன்றாக இருந்தும் கீழறைக்குச் செய்தி போய்ச் சேராதது மற்றொரு வகை. எனக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. அப்போது கீழறைகள் தாமாகவே நிமிடத்துக்கு 30, 40 முறை துடித்து ஒப்பேற்றும். மூளைக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் மயக்கம் வரும்.

இங்கே ஓட்டக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீண்டகாலம் பயிற்சி செய்தவர்களின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 50-க்கும் கீழே துடிப்பது இயல்பு. மயக்கமோ, தலைசுற்றலோ, மூச்சுத்திணறலோ இல்லாத நிலையில் குறைந்த நாடித்துடிப்பு மட்டுமே நோயாகாது. அறிகுறியும் இ.சி.ஜி. பதிவும் சேர்ந்தே பேஸ்மேக்கர் தேவையா என்பதை முடிவு செய்கின்றன.

இந்தக் கருவியின் வரலாறே நம்பிக்கையூட்டுவது. 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் ஆர்னே லார்சன் என்ற 43 வயது நோயாளிக்கு, உடலுக்குள் வைக்கும் உலகின் முதல் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. நாளொன்றுக்குப் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர் அவர். பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட் அந்தக் கருவியைச் செய்தார். அறுவைச் சிகிச்சை நிபுணர் ஓகே சென்னிங் பொருத்தினார். ஷூ பாலிஷ் டப்பாவையே அச்சாகக் கொண்டு பிசினில் வார்க்கப்பட்ட அந்தக் கருவி சில மணி நேரமே இயங்கியது. ஆனால், லார்சன் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001-ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். தமக்குக் கருவி செய்தவரும், பொருத்தியவரும் மறைந்த பிறகே, 86-ஆவது வயதில், இதயநோயால் அல்லாமல் தோல் புற்றுநோயால் மறைந்தார்.

இன்றைய பேஸ்மேக்கர் ஒரு சிறு தீப்பெட்டியைவிடத் தட்டையானது. பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைக்கப்படுகிறது. அதிலிருந்து மெல்லிய மின்கம்பிகள் சிரை வழியாக இதய அறைகளுக்குச் செல்கின்றன. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். கருவி எந்நேரமும் இதயத்தை அடித்து ஓட்டிக்கொண்டிருப்பதில்லை. அது ஒரு காவலாளி. இதயம் தானாகத் துடித்தால் வாளாவிருக்கும். துடிப்பு வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் மட்டுமே தூண்டும். ஓடினால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. ஏறத்தாழ 8 முதல் 12 ஆண்டுகள் உழைக்கும் பேட்டரிக்கு, தினமும் அரைமணி நேர ஓட்டம் ஒரு பொருட்டல்ல.

ஓட விரும்புவோர் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. பேஸ்மேக்கருக்குக் கீழெல்லை இருப்பதுபோல் மேலெல்லையும் உண்டு. மேலறையில் பிறக்கும் தூண்டலைக் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழறைத் துடிப்பை அது உண்டாக்குகிறது. ஆனால், மேலறை கட்டுக்கடங்காமல் படபடக்கும் நோய்நிலையில் அந்த வேகத்தைக் கீழறைக்கும் கடத்திவிடக் கூடாது என்பதற்காக, நிமிடத்துக்கு 120 அல்லது 130 என ஒரு வரம்பு வைக்கப்படுகிறது. வீட்டுக்குள் நடமாடுபவருக்கு அது போதும். ஓடுபவருக்குப் போதாது.

ஓட்டத்தில் சைனஸ் கணு இயல்பாகவே 140, 150 என வேகம் கூட்டும். கருவி தன் வரம்பை எட்டியதும் இடையிடையே ஒரு துடிப்பை விடத் தொடங்கும். வேகம் இன்னும் கூடினால், கருவி ஒவ்வொரு துடிப்புக்கும் பின் எடுத்துக்கொள்ளும் சிறு காத்திருப்பு நேரத்துக்குள் அடுத்த தூண்டல் விழுந்துவிடும். இரண்டில் ஒன்றே கணக்கில் வரும். 140 என்றிருந்த நாடி ஒரே கணத்தில் 70 ஆகிவிடும். ஓய்வில் ஓர் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. கடும் உழைப்பில் அது 20 லிட்டர்வரை உயர வேண்டும். அந்த நேரத்தில் துடிப்பு பாதியானால் என்னாகும்? கால்கள் ஈயக்குண்டாகும், கண் இருளும்.

எனக்கு அதுதான் நடந்தது. சமதரையில் மெல்ல ஓடும்போது தொல்லையில்லை. ஏற்றத்தில் வேகம் கூட்டினால், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் நின்றுவிடுவேன். 'வயதாகிவிட்டது, போதும்' என்பதே சுற்றியிருந்தவர்களின் தீர்ப்பு. மறுபரிசோதனையின்போது இதை விரிவாகச் சொன்னேன். டிரெட்மில்லில் ஓடவிட்டு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். காரணம் தெளிவாகத் தெரிந்தது. கருவியின் மேலெல்லையை 150-க்கு உயர்த்தி, காத்திருப்பு நேரங்களையும் அதற்கேற்பச் சுருக்கினார்கள். கத்தியில்லை, ரத்தமில்லை, மார்பின் மேல் ஓர் உணர்கருவியை வைத்துக் கணினியில் செய்த மாற்றம், அவ்வளவே. அந்த இழுப்பு அன்றோடு ஒழிந்தது. என் முதுமைக்கு அதில் பங்கில்லை.

சைனஸ் கணுவே சோர்ந்துபோனவர்களின் சிக்கல் வேறு. அவர்கள் எவ்வளவு ஓடினாலும் நாடி உயராது. அவர்களுக்காகக் கருவிக்குள் உணரிகள் வைக்கப்பட்டுள்ளன. உடலின் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டுவது பரவலான முறை. நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் இது நன்கு பொருந்தும். மிதிவண்டி ஓட்டும்போதோ உடம்பு அசையாது; கால்களே உழைக்கும். உணரி அதைக் குறைவாகவே மதிப்பிடும். மாறாக, குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் குலுங்கிச் செல்லும்போது, உழைப்பே இல்லாமல் துடிப்பு உயரலாம். மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் அளந்து துடிப்பைக் கூட்டும் கருவிகளும் உண்டு.

சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் எங்கள் மாவட்டத்தில் இது ஓட்டக்காரர்களின் கவலை மட்டுமன்று. தலையில் சுமையுடன் வரப்பில் மெதுவாக நடந்துவரும் ஒரு பெண்ணின் உடல் அதிகம் குலுங்குவதில்லை. ஆனால், அவருடைய இதயம் கடுமையாக உழைக்க வேண்டியிருக்கிறது. அசைவை மட்டுமே நம்பும் கருவி அவருடைய உழைப்பை அறியாது. ஆகவே, 'நான் இன்ன வேலை செய்கிறேன், இந்த வேலையின்போது மூச்சு வாங்குகிறது' என்று நோயாளி சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மருத்துவர் கருவியைத் திருத்த வேண்டும். செருப்பை அளவெடுத்து வாங்குவதுபோல், கருவியையும் அவரவர் வாழ்க்கைக்கு அளவெடுத்து அமைக்க முடியும்.

மீண்டும் பயிற்சிக்குத் திரும்புவதில் நிதானம் தேவை. கருவி பொருத்திய முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் முக்கியமானவை. மின்கம்பியின் நுனி இதயச் சுவரில் நன்றாகப் பதிவதற்கு அந்த அவகாசம் வேண்டும். அதுவரை கருவியுள்ள பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக் கூடாது. குடம், மூட்டை, எரிவாயு உருளை போன்ற பளுவைத் தூக்கக் கூடாது. அதற்காகக் கையை அடியோடு அசைக்காமல் கட்டிவைப்பதும் தவறு, தோள்மூட்டு இறுகிவிடும். நடையை மருத்துவமனையிலிருந்து திரும்பிய சில நாள்களிலேயே தொடங்கலாம். காயம் ஆறி, முதல் மறுபரிசோதனையில் கருவியும் கம்பிகளும் சரியாக உள்ளன என்று உறுதியான பிறகே ஓட்டம். முதலில் ஐந்து நிமிட நடைக்கு ஒரு நிமிட மெல்லோட்டம் என்று தொடங்கி, வாரந்தோறும் ஓட்டத்தைச் சற்றே நீட்டிக்கொண்டே போகலாம். உணரியை நம்பியிருக்கும் இதயம் மெதுவாகவே வேகம் பிடிக்கும் என்பதால், தொடக்கத்தில் பத்து நிமிடமாவது உடலைச் சூடேற்றிக்கொள்வதும், முடிவில் சட்டென்று நிற்காமல் நடந்து தணிவதும் அவசியம்.

பயிற்சியின் கடுமையை நாடித்துடிப்பைக் கொண்டு அளக்கும் வழக்கம் நமக்குப் பெரிதாக உதவாது. நம் நாடி கருவியின் வரம்புக்கு உட்பட்டது. அதைவிட எளிய அளவுகோல் பேச்சு. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது மிதமான பயிற்சி; ஓரிரு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் கடுமையான பயிற்சி. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயம் வேறுவகையில் நலமாக உள்ள பேஸ்மேக்கர்காரருக்கும் அந்த இலக்கு எட்டக்கூடியதே.

எல்லா விளையாட்டும் நமக்கானவையா? இல்லை. 2020-இல் ஐரோப்பிய இதயவியல் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஆபத்தான துடிப்புக் கோளாறுகளுக்கு வழிவகுக்கும் வேறு இதயநோய் இல்லாதவர்கள், மோதல் விளையாட்டுகளைத் தவிர மற்றவற்றில் ஈடுபடலாம் என்றே கூறுகின்றன. கபடியும் குத்துச்சண்டையும் வேண்டாம். மார்பில் விழும் ஓர் அடி கருவியையோ கம்பியையோ சேதப்படுத்தலாம். தோளுக்கு மேலே கையைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் சிலம்பம், வேகப்பந்துவீச்சு, கைப்பந்து, நீச்சல் போன்றவற்றில், காறை எலும்புக்கும் விலா எலும்புக்கும் இடையே கம்பி நசுங்கி நாளடைவில் முறியக்கூடும். மண்வெட்டியை ஓங்கிப் போடும் வேலையும் இந்த வகையைச் சேர்ந்ததே. இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் அதைப் பொருத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், கருவியை வலப்பக்கம் வைக்க முடியும். ஓட்டமோ, இந்த வகையில் பாதுகாப்பான பயிற்சிகளுள் ஒன்று.

மின்கருவிகள் குறித்த அச்சத்திலும் உண்மையைப் பிரித்தறிய வேண்டும். கைப்பேசியைப் பயன்படுத்தலாம், கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் போதும். சட்டையின் இடது பையில் வைக்காமல் இருப்பதும், வலது காதில் பேசுவதும் எளிய தீர்வுகள். காந்தமுள்ள காதொலிப்பான்களுக்கும் இதே விதி. கிரைண்டர், மிக்ஸி, தொலைக்காட்சி ஆகியவற்றால் தீங்கில்லை. ஓடும் எஞ்சினின் மேல் குனிந்து வேலை செய்வதையும், மின்வில் வெல்டிங் செய்வதையும் தவிர்க்க வேண்டும். உடல் கொழுப்பை அளக்கும் எடைக்கருவிகள் உடலுக்குள் சிறு மின்னோட்டத்தைச் செலுத்துபவை, அவையும் வேண்டாம்.

பேஸ்மேக்கருக்கும், ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி. கருவிக்கும் வேறுபாடு உண்டு. 2021 ஜூன் 12 அன்று ஐரோப்பிய கால்பந்துப் போட்டியில், ஆடுகளத்திலேயே இதயம் நின்று சரிந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்குப் பொருத்தப்பட்டது ஐ.சி.டி. அதனுடன் விளையாட இத்தாலி விதிகள் அனுமதிக்கவில்லை. அவர் இங்கிலாந்து அணி ஒன்றில் சேர்ந்து 2022-இல் மீண்டும் ஆடினார்; 2024 ஜூன் 16 அன்று அதே ஐரோப்பியப் போட்டியில் தம் நாட்டுக்காக கோல் அடித்தார். மறுபுறம், 2023 மே மாதம் பேஸ்மேக்கருடன் எவரெஸ்ட் ஏறிச் சாதனை படைக்க முயன்ற 59 வயது இந்தியப் பெண் ஒருவர், அடிவார முகாமில் உடல்நலம் குன்றி உயிரிழந்தார். உயரத்துக்கு உடல் பழகாத நிலையில், முயற்சியைக் கைவிடுமாறு அவருக்கு அறிவுறுத்தப்பட்டதாகச் செய்திகள் கூறின. கருவி துடிப்பைத்தான் காக்கும். வெப்பம், உயரம், நீரிழப்பு ஆகியவற்றின் விதிகளிலிருந்து அது யாரையும் விடுவிக்காது. கோடையில் அனல் பறக்கும் பெரம்பலூரில் நான் விடிவதற்கு முன்பே ஓட்டத்தை முடித்துக்கொள்வது அதனால்தான்.

ஓட்டத்தின்போது மயக்கம், நெஞ்சுவலி, திடீர்ச் சோர்வு வந்தாலும், கருவியிருக்கும் இடம் சிவந்தாலும், வீங்கினாலும், சீழ் கட்டினாலும், ஒரு கை மட்டும் வீங்கினாலும், விடாத விக்கல் வந்தாலும் உடனே மருத்துவரை அணுக வேண்டும். கருவியின் அடையாள அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். உடன் ஓடுபவர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பேஸ்மேக்கர் உள்ளவர் நினைவிழந்து மூச்சின்றி விழுந்தால், 108-ஐ அழைத்துவிட்டுத் தயங்காமல் மார்பை அழுத்தி முதலுதவி செய்யலாம், செய்யவும் வேண்டும்.

தனிமனிதர் செய்யக்கூடியவை இவை. அரசும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் பொருத்தும் சிகிச்சையும் அடங்கும். ஏழை விவசாயியின் மார்பிலும் இந்தக் கருவி துடிக்கிறது என்றால், அது தமிழகத்தின் பெருமை. ஆனால், பொருத்தி முடிந்த பிறகு அவருடைய வாழ்க்கை பற்றிப் பேச நேரமில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியையும் சோதித்துத் திருத்த அந்தந்த நிறுவனத்தின் கணினியே வேண்டும் என்பதால், அந்த வசதி பெருநகர மருத்துவமனைகளில்தான் குவிந்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்குச் சென்று திரும்புவது கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் ஊதிய இழப்பு. உடல் நன்றாக இருப்பதுபோல் தோன்றினால் அவர் போகாமலே இருந்துவிடுவார்.

மாதம் ஒரு நாளாவது மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பேஸ்மேக்கர் மறுபரிசோதனை முகாம் நடத்தலாம். உழைத்துப் பிழைப்போருக்கும் விளையாட விரும்புவோருக்கும் டிரெட்மில் சோதனையை மறுபரிசோதனையின் பகுதியாக்கலாம். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எப்போது வர வேண்டும் என்பதை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, வீடு திரும்பும் நாளில் கையில் கொடுப்பதற்குப் பெரும் செலவாகாது. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. இதய சிகிச்சை பெற்றவர்கள் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் நடந்து பழகுவதற்கு, வாரத்தில் ஒரு காலை வேளையை அங்கே ஒதுக்கினால் அந்தப் பாதைகளின் பயன் பன்மடங்காகும்.

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட ஒவ்வொருவரும் அடுத்த பரிசோதனையின்போது மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எனக்கு எதனால் இந்தக் கருவி வைக்கப்பட்டது? அதன் மேலெல்லை எவ்வளவு? நான் செய்யும் வேலைக்கும் பயிற்சிக்கும் அது போதுமா? விடைகளை ஒரு தாளில் எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நடக்கலாமா, ஓடலாமா என்பதை அண்டை வீட்டார் அல்லர், அந்த விடைகளே முடிவு செய்யட்டும்.